இடம் மாறிய அருவியும் உன் கடைசி வரியும்

ஏட்டி உலகு, என் கூடப் பிறந்தவளே,

சாரல் தொடங்கிவிட்டது. பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுகிறது. இரண்டு நாளாகக் குளிக்க விடவில்லை. பேருந்தில் வந்து இறங்குகிறவர்கள் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, ஐந்தருவிக்குப் போகலாமா பழைய குற்றாலத்துக்குப் போகலாமா என்று பெண்டாட்டி பிள்ளைகளோடு சண்டை போடுகிறார்கள். முன்பானால் இதையெல்லாம் சாயங்காலம் உன் கடைக்கு வந்து சொல்வேன். நீ நகல் எடுத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "அப்புறம்?" என்பாய்.

அப்புறம் ஒரு சேதி இருக்கிறது. அந்த அட்டை விற்றுவிட்டது. எந்த அட்டை என்று நீ கேட்க மாட்டாய். எட்டு மாதம் நம்மைப் பேச விடாமல் செய்த அட்டை.

சேகரிப்பாளர்களின் ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி நாலு வரி எழுதித் தரும்படி கேட்டார்கள். நாலு வரியில் அடங்குகிற ஆளா நீ? அதனால் உனக்கே எழுதுகிறேன். அவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும். உன்னைப் பார்த்திராதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். வாசுதேவநல்லூரில் கட்டிக்கொடுத்து, மூன்றே வருஷத்தில் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள் நீ. வந்த மறுமாதமே தென்காசி பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் நகல் கடை போட்டாய். நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய படத் தபால் அட்டைகளைத் தேடி அலைந்தேன். அவற்றைப் படமெடுத்து, விவரம் எழுதி, இணைய ஏலத்தில் ஏற்றி விற்றது நீ. கணக்கு உன் பெயரில்தான் இருந்தது. இப்போதும் உன் பெயரில்தான் இருக்கிறது.

ஏல விவரங்களில் நீ எழுதும் கடைசி வரி எங்கே பிறந்தது என்று பலருக்குத் தெரியாது. என் பிறந்த நாளுக்கு நீ ஓர் அட்டை ஏலத்தில் எடுத்தாய். நம் கோயில் கோபுரம் மொட்டையாக நின்ற காலத்துப் படம். விற்றவன் 'மிக மிக அபூர்வம்' என்று போட்டிருந்தான். நீ அதற்காகக் காதில் கிடந்ததைக் கழற்றியது எனக்குப் பின்னால்தான் தெரியும். அடுத்த வாரம் அதே ஆள் அதே அட்டையை ஏலத்துக்கு விட்டான். அடுத்த மாதம் இன்னொன்று. எல்லாவற்றுக்கும் அதே 'மிக மிக அபூர்வம்'. நீ ஒன்பது வரைக்கும் எண்ணினாய்.

"ஒண்ணொண்ணா இறக்குதாண்ணே. கட்டா வச்சிருக்கான், மூதி."

நான் அவனுக்கு நாலு பக்கம் வசைக்கடிதம் எழுதினேன். நீ அதை அனுப்பவில்லை. அன்றிலிருந்து நாம் விற்ற ஒவ்வொரு பொருளுக்கும் விவரத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தாய். 'நாங்கள் கண்ணால் பார்த்தவை இத்தனை. எங்களிடம் இன்னும் இருப்பவை இத்தனை.' அபூர்வம் என்ற சொல்லை உன் கணக்கில் யாரும் தேடினாலும் கிடைக்காது.

"எத்தனை இருக்குன்னு நமக்கு எப்படிண்ணே தெரியும்? நாம பார்த்தது எத்தனைன்னுதான் தெரியும். அதை எழுதிட்டுப் போவோம்."

அந்த வரியால் எத்தனை ஏலத்தில் நான் வயிறெரிந்திருக்கிறேன்! அதே பொருளை ஒருவன் 'அபூர்வம்' என்று போட்டு அள்ளிக்கொண்டு போவான். நாம் 'பார்த்தவை பதினாறு, இருப்பவை ஐந்து' என்று எழுதிவிட்டுக் காத்திருப்போம்.

பிறகு கடையநல்லூரில், அபுதாபியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒருவரின் வீட்டு ஆல்பத்தில் அந்த அட்டையைப் பார்த்தேன். பேரருவிப் படம். அடியில் ஊர்ப் பெயர் ஒழுங்காக அச்சாகியிருந்தது. படம்தான் இடம் வலம் மாறிப்போயிருந்தது. பாறைகள் மாறி, கோயில் மாறி, பெண்கள் குளிக்கிற பக்கத்தில் கோவணம் கட்டிய ஆண்கள் வரிசையாக நின்றார்கள். வெளியூர்க்காரன் நூறு தடவை பார்த்தாலும் அவனுக்குத் தெரியாது. நம்மூர்க்காரனுக்குப் பார்த்த மாத்திரத்தில் தலை சுற்றும். கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி, அன்றைக்கே உன் கடைக்கு ஓடி வந்தேன். விவரத்தையும் நானே எழுதினேன். நீ படமெடுத்து, அதைத் தட்டச்சு செய்து, எனக்குத் திரையைத் திருப்பிக் காட்டினாய்.

"என்னட்டி இது? 'உலகில் ஒன்றே ஒன்று'ன்னு எழுதியிருந்தேனே, அதைக் காணோம்?"

"அழிச்சிட்டேன்."

"எதுக்கு?"

"உலகத்தைப் பூரா சுத்திப் பார்த்தியா நீ? ஆய்க்குடியைத் தாண்டுனா உனக்குக் கால் வலிக்கும்."

"நான் எம்.ஏ. வரலாறு படிச்சவன். எனக்குத் தெரியாதா?"

"உன் எம்.ஏ. பாடத்துல இந்த அட்டை வந்துச்சா?"

ஆதார் அட்டையை நகல் எடுக்க நின்றிருந்த ஓர் ஆள் சத்தமாகச் சிரித்தான். நீ எழுதியிருந்த வரி திரையில் அப்படியே நின்றது. 'பார்த்தது ஒன்று. இருப்பது இந்த ஒன்று.' அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த ஆள் சிரித்தது என் மண்டைக்குள் ஏறிவிட்டது. அட்டையைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினேன். "இனி உன் கடைப் படியேற மாட்டேன்" என்று தெருவில் நின்று சொன்னேன். சொன்னபடி ஏறவில்லை.

எனக்குப் பகை வைத்துக்கொள்ளத் தெரியும் என்பது நீ அறியாததா? என்னைவிட ஆறு வயது இளையவனைத் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார வைத்த நிர்வாகி, உன்னைப் பெட்டியோடு அனுப்பிய வாசுதேவநல்லூர்க்காரன், வீட்டுச் சுவரை ஒரு முழம் தள்ளிக் கட்டிய பக்கத்து வீட்டான். நான் ஒவ்வொருவரையும் திட்டத் தொடங்கும்போது நீ விரலை மடக்குவாய். "இது பதினேழாவது ஆளுண்ணே. எண்ண என் விரல் பத்தல." பதினைந்தாவது ஆள் யார் என்று நினைவிருக்கிறதா? மதுரைக் கண்காட்சியில், அத்தனை பேர் நடுவில், "வாத்தியார் சாருக்கு எல்லாமே அபூர்வந்தான். பஸ் டிக்கெட்டைக் காட்டினாலும் கண்ணுல ஒத்திக்குவார்" என்று சொன்ன அந்தச் சென்னைக்காரர்.

எட்டு மாதத்துக்குப் பிறகு என்னை உன்னிடம் கொண்டுவந்தது உன் சிறுநீரகம். வாரம் இரண்டு நாள் ரத்தம் சுத்தம் செய்ய உன்னை ஆட்டோவில் கூட்டிப்போனேன். போகிற வழியில் எல்லாம் பேசினோம். தேர்தல் பேசினோம், தக்காளி விலை பேசினோம், அந்த நர்ஸம்மாவின் கோபம் பேசினோம். அட்டையைப் பற்றி மட்டும் நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நீ எதற்காகக் காத்திருந்தாய்? நான்தான் முதலில் எடுக்க வேண்டும் என்றா? மார்கழியில் போய்விட்டாய்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். திட்டாமல் கேள்.

வைகாசியில் உன் கணக்கைத் திறந்து அந்த அட்டையை ஏலத்தில் ஏற்றினேன். 'உலகில் ஒன்றே ஒன்று' என்று கொட்டை எழுத்தில் போட்டேன். உன் வரியைச் சேர்க்கவில்லை. அழிக்க நீ இல்லையே என்ற தைரியம்.

ஏலம் சூடு பிடித்தது. இங்கிலாந்திலிருந்து ஒருவர் கேட்டார். அவரை முந்திக்கொண்டு கேட்டது யார் தெரியுமா? நம் பதினைந்தாவது ஆள். அவர் ஒரு படி ஏற, வெள்ளைக்காரர் ஒரு படி ஏற, நான் பள்ளிக்கூட ஓய்வறையில் உட்கார்ந்து செல்பேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். பணம் இரண்டாம் பட்சம். பஸ் டிக்கெட் என்று சொன்ன வாய், என் பொருளை அபூர்வம் என்று ஊரறியக் கேட்டு நின்றதே, அதுதான் இனித்தது. இன்னும் மூன்று நாள். மூன்று நாள் போனால் மதுரை அவமானத்துக்குக் கணக்குத் தீர்ந்தது.

அப்போதுதான் குற்றாலத்திலிருந்து ஸ்டுடியோ மாரியப்பன் கூப்பிட்டான். அவன் தாத்தா காலத்துப் போட்டோ கடையை இடித்துவிட்டு லாட்ஜ் கட்டப் போகிறான்.

"அண்ணாச்சி, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. பரண்ல ஒங்க சமாச்சாரம் ஒண்ணு கெடக்கு."

போனேன். எண்ணெய்த்தாளில் சுற்றி, சணலால் குறுக்கும் நெடுக்கும் கட்டிய ஒரு பொதி. அவன் பிளேடால் அறுத்தான். மேலே ஓர் அருவி. அதற்கு அடியிலும் அருவி. எடுக்க எடுக்க, பெண்கள் பக்கத்தில் கோவணம் கட்டிய ஆண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எண்ணி முடிக்க வெகு நேரமானது.

"எங்க தாத்தா சிவகாசியில அடிக்கக் கொடுத்தாராம். பிலிமைத் திருப்பிப் போட்டுட்டானுவ. கட்டு வந்து எறங்குன அன்னைக்கு முடிவெட்டுத சுப்பையா பார்த்துட்டு, 'என்ன மொதலாளி, ஆம்பளையளப் பொம்பளைங்க பக்கம் வெரட்டிட்டீய'ன்னு சிரிச்சிருக்காரு. மனுசன் அன்னைக்கே தூக்கிப் பரண்ல போட்டுட்டாரு. ஊர்ல ஒருத்தன் கண்ணுலயும் படக்கூடாதுன்னு. இடையில தப்பி ஒண்ணு ரெண்டு வெளிய போயிருக்கும்."

இந்த ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய வேலை அது. வெளியூர்க்காரர்களுக்கு அவ்வளவையும் ஒரே சீசனில் விற்றிருக்கலாம். நம் ஆள் வெட்கப்பட்டு ஒளித்து வைத்தார். என் 'உலகில் ஒன்றே ஒன்று' எப்படிப் பிறந்தது என்று பார்த்தாயா?

அவனிடம் ஏலத்தைப் பற்றி மறைக்காமல் சொன்னேன். மாரியப்பன் கெட்டிக்காரன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"அப்போ ஒரே சோலிதான் அண்ணாச்சி. வெந்நீர் அடுப்பு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. நாலஞ்சை எடுத்து வச்சுக்கிட்டு மிச்சத்தை உள்ள தள்ளிருவோம். நீங்க எழுதினதும் உண்மை மாதிரி ஆயிரும். அப்புறம் வருசத்துக்கு ஒண்ணா எடுத்து விடுவோம். பாதிக்குப் பாதி."

பொதி என் மடியில் இருந்தது. அடுப்பு பத்தடி தூரத்தில் எரிந்தது. உலகு, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நான் உடனே மறுக்கவில்லை. என் மனதில் முதலில் வந்தது நேர்மை இல்லை. 'இவன் என்றைக்காவது ஒரு நாள் டீக்கடையில் சொல்லிவிடுவான்' என்ற பயம்தான் முதலில் வந்தது. அதற்குப் பிறகும் சென்னைக்காரரின் முகம்தான் வந்தது.

"நாளைக்குச் சொல்லுதேன்" என்றேன்.

"சீக்கிரம் சொல்லுங்க. நாளைக்கழிச்சு ஜேசிபி வருது."

திரும்புகிற வழியில் உன் கடையைத் திறந்தேன். நீ போன பிறகு மாதத்துக்கு ஒரு முறை கூட்டிவிட்டுப் பூட்டுவதோடு சரி. அட்டைகளுக்கான உன் நோட்டு படமெடுக்கும் பெட்டியின் கீழே கிடந்தது. ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு பக்கம். ஒன்றைப் பார்க்கும்போதெல்லாம் நீ போட்ட கோடுகள். நகல் எடுக்க வந்தவர்கள் காட்டியது, கல்யாண வீட்டு ஆல்பத்தில் பார்த்தது, பிற ஏலங்களில் வந்தது, எல்லாவற்றுக்கும் கோடு. இத்தனை வருஷத்தில் அந்த நோட்டை நான் ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லை. நீ மனக்கணக்காக எழுதுகிறாய் என்றே நினைத்திருந்தேன்.

'மாறிய அருவி' என்று ஒரு பக்கம். ஒரே ஒரு கோடு. அதன் கீழே உன் குண்டு எழுத்து.

'அச்சுத் தப்பு என்றால் ஒன்று மட்டும் அடித்திருக்க மாட்டார்கள். மாரியப்பனிடம் தாத்தா கடைப் பரணைப் பார்க்கச் சொல்லணும். இருந்தால் வெளியே தெரியும் முன்னே அண்ணனிடம் சொல்லணும். நாலு பேர் முன்னால் அண்ணன் தலை குனியக் கூடாது.'

அதற்குக் கீழே வேறு மையில்: 'மாரியப்பன் திருப்பூர் போயிருக்கிறான். வந்ததும் கேட்கணும்.'

தேதியும் போட்டிருந்தாய். நான் உன் படியேறாத மாதங்களில் ஒன்று.

உன் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னை மட்டம் தட்டத்தான் அந்தச் சொல்லை அழித்தாய் என்று எட்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேனே. நீ எனக்குக் காவல் நின்றிருக்கிறாய். நான் வந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாய், இல்லையா? ஆட்டோவில் போகும்போது ஏன் சொல்லவில்லை? மறுபடியும் கோபித்துக்கொண்டு போய்விடுவேன் என்றா?

அங்கிருந்தே மாரியப்பனைக் கூப்பிட்டேன்.

"எரிக்காதலே."

"அப்போ என்ன செய்ய? இதுல வச்சுப் பஜ்ஜி மடிச்சுக் கொடுக்கவா?"

"எல்லாத்தையும் விப்போம். இத்தனை இருக்குன்னு சொல்லியே விப்போம்."

"சொன்னா எவன் வாங்குவான் அண்ணாச்சி?"

"வாங்குதவன் வாங்கட்டும். இது எங்க உலகு கணக்குலே. அவ பேருல பொய் ஏறக்கூடாது."

பொதியைத் தூக்கி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அந்த அக்கா எனக்கு ஒரு நாளும் மங்கலா நகல் எடுத்துத் தந்ததில்ல" என்றான். அவன் சம்மதம் சொல்கிற விதம் அது.

ஏலத்தில் ஒரு விதி உனக்குத் தெரியும். ஒருவர் கேட்டுவிட்ட பிறகு, எழுதியதை அழிக்க முடியாது. கீழே சேர்க்க மட்டுமே முடியும். ஆகவே என் கொட்டை எழுத்து மேலே அப்படியே நின்றது. அதன் அடியில் இப்படிச் சேர்த்தேன். 'மேலே எழுதியது தவறு. இன்று ஒரு பரணில் இதே அட்டை இருநூற்றுப் பதினொன்று கிடைத்தது. இதையும் சேர்த்துப் பார்த்தவை இருநூற்றுப் பன்னிரண்டு. மற்றவையும் விற்பனைக்கு வரும். கேட்டவர்கள் தயங்காமல் விலகிக்கொள்ளலாம்.' அனுப்பும் பொத்தானைத் தொடாமல் இரண்டு தடவை திரையை மூடி, மூன்றாம் தடவைதான் தொட்டேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளைக்காரர் நன்றி சொல்லி விலகினார். பதினைந்தாவது ஆள் விலகியதோடு நிற்கவில்லை. சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் என் இரண்டு வரிகளையும் படமெடுத்துப் போட்டார். 'நேற்று ஒன்று, இன்று இருநூற்றுப் பன்னிரண்டு. நல்லவேளை, வாத்தியார் கணக்கு வாத்தியார் இல்லை!' அதன் கீழே சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக விழுந்தன. மதுரை மறுபடியும் நடந்தது. நான் செல்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், நாகர்கோவில் ஸ்டெல்லா டீச்சர் எழுதியிருந்தார். உன்னிடம் அடிக்கடி வாங்குகிறவர், நீ 'தபால்காரரைவிட அவங்கதான் எனக்குப் பழக்கம்' என்பாயே, அவர். 'உலகம்மாளிடம் ஆறு வருஷமாக வாங்கினேன். ஒரு தடவைகூட ஏமாந்தோமோ என்று நினைக்க வேண்டி வரவில்லை. சிரிக்கிறவர்கள் எல்லாரும் அவரவர் பரணில் எத்தனை வைத்திருக்கிறீர்கள் என்று இங்கே எழுதுங்கள், பார்க்கலாம்.'

ஒருவரும் எழுதவில்லை, உலகு. மறுநாள் அந்தக் குழுவில் காலை வணக்கம்கூட வரவில்லை.

அட்டையைக் கடைசியில் டீச்சரே எடுத்தார். ஒரு நல்ல சாப்பாட்டு விலைதான். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். கோயம்புத்தூரில் பழைய நாணயம் விற்கிற ஒருவர் தன் விவரங்களின் அடியில் உன் வரியைப் போடத் தொடங்கியிருக்கிறார். 'பார்த்தவை, இருப்பவை.' அப்புறம் புதுச்சேரியில் தீப்பெட்டிப் படம் விற்கிற ஒரு பெண். யாரிடமிருந்து எடுத்தீர்கள் என்று தெரியாததுபோல அவளிடம் கேட்டேன். 'தென்காசியில் ஒரு அக்கா எழுதுவாங்களாம் சார்' என்றாள். அது என் தங்கச்சி என்று உடனே சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்.

மாரியப்பனின் அட்டைகளும் போய்க்கொண்டிருக்கின்றன. பெரும்பாலும் வாங்குகிறவர்கள் நம்மூரிலிருந்து பிழைக்கப் போனவர்கள். பெங்களூரிலிருந்து ஒருவர், 'சார், படத்தைப் பார்த்ததும் எனக்குத் தலை சுத்திச்சு, எங்கப்பா தப்பான பக்கம் நிக்கிறார்' என்று எழுதியிருந்தார். எத்தனை இருக்கிறது என்று தெரிந்தே வாங்குகிறார்கள். ஊரில் என்னை இத்தனை நாள் வாத்தியார் என்றார்கள். இப்போது டீக்கடையில், "இவியதான் உலகம்மா அண்ணன்" என்று காட்டுகிறார்கள். இந்த உத்தியோகம் எனக்குத் தலைமையாசிரியர் நாற்காலியைவிட உயரமாக இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்கள் நான் திருந்திவிட்டதாக நினைக்க வேண்டாம். நீ விரல் மடக்கிய பதினேழு பேரில் ஒருவரையும் நான் மன்னிக்கவில்லை. சென்னைக்காரர் கண்காட்சியில் எதிரே வந்தால் இன்னமும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பதினெட்டாவதாக ஓர் ஆளைச் சேர்த்திருக்கிறேன். ஒரே ஒரு சொல்லுக்காக எட்டு மாதம் உன் படியேறாமல் இருந்தவன். அவனை மற்ற எல்லாருக்கும் பிறகுதான் மன்னிப்பேன்.

நேற்று உன் கடையில் உட்கார்ந்து, 'மாறிய அருவி' பக்கத்தில் உன் ஒற்றைக் கோட்டுக்குப் பக்கத்தில் இருநூற்றுப் பதினொரு கோடுகள் போட்டேன். இடம் போதாமல் அடுத்த பக்கத்துக்கும் போனது. கை வலித்தது. முதல் கோடு மட்டும் உன்னுடையது. அதன்மேல் என் பேனா படாமல் பார்த்துக்கொண்டேன்.

கணக்கு உன் பெயரிலேயே இருக்கும். நான் விற்கிற ஒவ்வொன்றின் அடியிலும் உன் வரி இருக்கும். நாளைக்கு வேறொரு பரணில் இன்னும் ஒன்று கிடைத்தாலும், அது எனக்கு எவ்வளவு நஷ்டமானாலும், அன்றைக்கே நோட்டில் ஒரு கோடு விழும். என் கை ஓய்கிறவரை இது மாறாது, உலகு.

உன்னைப்போல் ஒருத்தியை மட்டுமே பார்த்திருக்கிற,
உன் அண்ணன்
கணபதி